பன்னிரண்டு தப்படி

முன்கதை: 1776 ஆகஸ்ட் 24 அன்று மதராஸ் கவர்னர் பிகட் பிரபுவோடு ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே வண்டியில் ஏறிப் போனார் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். வழியில் சிப்பாய்கள் வண்டியை மறித்தார்கள். பிகட் கைதானார். ஏற்பாடு செய்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டூவர்ட்டேதான். பரங்கிமலையில் சிறைவைக்கப்பட்ட பிகட், 1777 மே மாதம் விடுதலை ஆகாமலேயே இறந்தார். ஸ்டூவர்ட்டை விசாரித்த ராணுவ நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விட்டுவிட்டது. 1781-இல் மதராஸ் படையில் அவர் மறுபடி பொறுப்பேற்றார்.

*

1781 ஆகஸ்ட் 27. காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர். முந்தைய ஆண்டு செப்டம்பரில் இதே இடத்தில்தான் கர்னல் பெய்லியின் படையை ஐதர் அலியும் திப்புவும் அழித்திருந்தார்கள். அந்த வெற்றியைத் தந்த மண் ராசியானது என்று ஐதர் மறுபடியும் அங்கேயே காத்திருந்தார். எதிரே வந்தது ஆங்கிலத் தளபதி, கிழட்டுச் சிங்கம் அயர் கூட்டின் படை. ஸ்டூவர்ட் அதில் ஒரு முக்கியத் தளபதி.

நாள் முழுக்க பீரங்கிகள் முழங்கின. அப்போது பறந்து வந்த ஒரு குண்டு ஸ்டூவர்ட்டின் காலைப் பிய்த்துக்கொண்டு போனது.

மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. காலை இழந்தவன் ரத்தம் போய்ச் சாவான், அல்லது புண் புரையோடிச் சாவான். ஸ்டூவர்ட் இரண்டுக்கும் தப்பினார். ஊருக்குத் திரும்பி ஓய்வுச் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்காரவும் இல்லை. அதே ஆண்டில் மேஜர் ஜெனரல் ஆனார். அயர் கூட் உடல்நலம் கெட்டு வங்காளத்துக்குப் போனதும், மதராஸ் படை முழுதும் இந்த ஒற்றைக்கால் ஜெனரலின் கைக்கு வந்தது.

அதற்குள் கோட்டையில் ஒரு புதிய மனிதர் வந்து உட்கார்ந்திருந்தார். ஜார்ஜ் மெக்கார்ட்னி பிரபு, வட அயர்லாந்துக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து படிப்படியாக ஏறி வந்தவர் அல்ல. ரஷ்யாவில் தூதராகவும் கரீபியக் கடலில் கிரனடா தீவின் கவர்னராகவும் இருந்தவர். 1781 ஜூனில் மதராஸ் கவர்னராகப் பொறுப்பேற்றார். ஆற்காட்டு நவாபிடம் கைநீட்டியே கொழுத்துப் பழகிய ஊரில் அன்பளிப்பு வாங்க மாட்டேன் என்று சொன்னார், சொன்னபடியே நடந்தார். அவருடைய கொள்கை ஒன்றே ஒன்று: படை, அரசாங்கம் சொல்வதைக் கேட்க வேண்டும்.

ஒரு கவர்னரையே கைது செய்து பழகிய ஜெனரலிடம் அதைச் சொன்னால் என்ன ஆகும்?

*

1782 டிசம்பர் 7. ஐதர் அலி இறந்தார். திப்பு அப்போது தொலைவில், மலபார்க் கரையில் இருந்தார். மன்னன் இல்லாத மைசூர்ப் படை ஆற்காட்டுப் பக்கம் நிற்கிறது. உடனே புறப்படுங்கள், இப்போதே அடியுங்கள் என்று மெக்கார்ட்னி அவசரப்படுத்தினார். ஸ்டூவர்ட் அசையவில்லை. ஐதர் இறந்த செய்தியையே சந்தேகித்தார். மாடு இல்லை, தானியம் இல்லை என்றார். அவர் சொன்னதில் உண்மையும் இருந்தது. பஞ்சத்தால் காய்ந்து கிடந்த நாட்டில் படைக்கு அரிசி கிடைப்பது எளிதல்ல. ஆனாலும் அந்த இரண்டு மாதத் தாமதத்தில் திப்பு வந்து சேர்ந்து அரியணை ஏறிவிட்டார். பிப்ரவரியில் ஸ்டூவர்ட் புறப்பட்டுப் போய்ச் செய்த பெரிய காரியம், இனிக் காவல் காக்க முடியாது என்று வந்தவாசி, கருங்குழிக் கோட்டைகளை இடித்ததுதான்.

அடுத்தது கடலூர். அங்கே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி இறங்கியிருந்தார். ஏப்ரல் கடைசியில் மதராஸிலிருந்து கிளம்பிய படை கடலூரை அடைய ஜூன் ஆனது. நூறு மைல் சொச்சத்துக்கு நாற்பது நாளுக்கு மேல். ஜூன் 13 அன்று நடந்த சண்டையில் ஆங்கிலேயர் பக்கம் ஆயிரத்துக்கு மேல் சேதம். கோட்டை விழவில்லை. ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானம் செய்துகொண்டன என்ற செய்தி வந்து சேர்ந்திராவிட்டால், அந்த முற்றுகை எப்படி முடிந்திருக்கும் என்று நினைக்கவே ஆங்கிலேயர் அஞ்சினார்கள்.

மெக்கார்ட்னி பொறுமையிழந்தார். ஸ்டூவர்ட்டை மதராஸுக்கு வரவழைத்து, கம்பெனி வேலையிலிருந்து நீக்கி உத்தரவு போட்டார். ஸ்டூவர்ட் கொடுத்த பதிலில்தான் வழக்கின் முழுச் சிக்கலும் இருக்கிறது. அன்றைய மதராஸில் ஒரே படைக்குள் இரண்டு படைகள் இருந்தன. ஒன்று கம்பெனியின் சொந்தப் படை, மற்றது மன்னரின் படை. கம்பெனி வேலையை நீங்கள் பறிக்கலாம், நான் மன்னரின் ஜெனரல், மன்னரின் பட்டாளங்களுக்கு இன்னும் நானே தளபதி என்றார் அவர். கையில் துப்பாக்கி ஏந்திய ஆயிரக்கணக்கானவர்கள் நாளை யார் சொல்லைக் கேட்பார்கள்? பிகட்டின் கதை கோட்டையில் எல்லோருக்கும் நினைவிருந்தது.

1783 செப்டம்பரில் மெக்கார்ட்னி முந்திக்கொண்டார். அவருடைய செயலாளர் ஜார்ஜ் ஸ்டாண்டன் ஒரு சிப்பாய்க் கூட்டத்தோடு போய் ஸ்டூவர்ட்டைப் பிடித்தார். கவர்னரைச் சிப்பாய்களை வைத்துக் கைது செய்தவரைச் சிப்பாய்களை வைத்தே ஒரு கவர்னர் கைது செய்தார். கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பியும்விட்டார்.

அந்த அவமானத்தை ஸ்டூவர்ட் மறக்கவில்லை. 1785-இல் மெக்கார்ட்னி பதவி விலகினார். 1786-இன் தொடக்கத்தில் லண்டன் வந்து சேர்ந்தார். சில மாதங்களில் ஸ்டூவர்ட்டிடமிருந்து அவருக்கு ஆள் வந்தது. செய்தி சுருக்கமானது: துப்பாக்கியோடு வாருங்கள்.

*

வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இந்த இடத்தில் கதையை நிறுத்திவைத்து, அந்தத் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்த்தாக வேண்டும். அது எப்படி வேலை செய்தது என்று தெரியாமல் போனால், அடுத்து நடந்ததன் பொருள் நமக்குப் புரியாது.

அன்றைய ராணுவ அதிகாரி தன் கைத்துப்பாக்கியைத் தானே காசு கொடுத்து வாங்கினான். சாதாரணக் குதிரைப்படை வீரனுக்கு அரசாங்கக் கிடங்கிலிருந்து வரும். அதன் விசைத்தகட்டில் கிரீடமும் மன்னரின் எழுத்தும் 'டவர்' என்ற சொல்லும் இருக்கும். கம்பெனிச் சிப்பாயின் துப்பாக்கியில் கம்பெனியின் இதய வடிவ முத்திரை இருக்கும். அதிகாரியுடையதில் அந்த இடத்தில் இருப்பது செய்தவனின் பெயர். லண்டனில் ஹென்றி நாக், ட்விக், வாக்டன், டர்ஸ் எக் என்று பெயர் பெற்ற பட்டறைகள் இருந்தன. பிடியின் முதுகில் ஒரு சின்ன வெள்ளித் தகடு பதித்திருக்கும். வாங்கியவர் தன் பெயரெழுத்தையோ குடும்பச் சின்னத்தையோ அதில் செதுக்கிக்கொள்வார். டூயலுக்கென்றே, அதாவது இருவர் சவால் விட்டு நேருக்கு நேர் நின்று சுட்டுக்கொள்ளும் சண்டைக்கென்றே, செய்த துப்பாக்கிகள் 1780-களில் தனி இனமாக உருவாகிவிட்டன. எட்டுப் பட்டை தீட்டிய கனமான குழல், ஒன்பது பத்து அங்குல நீளம், ஒரே அச்சில் வார்த்தாற்போல இரண்டு, பெட்டியில் ஜோடியாக. வாக்டனின் பெயரைச் சொன்னாலே டூயல் என்றுதான் லண்டனில் பொருள்.

குழல் வாயில் வெடிமருந்தை அளந்து கொட்டுவார்கள். ஈயக்குண்டைத் துணியிலோ மெல்லிய தோலிலோ சுற்றிக் கோலால் கெட்டிப்பார்கள். பக்கவாட்டில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது. அதில் சிட்டிகை நுண்மருந்து தூவி, மேலே எஃகு மூடியைச் சாய்ப்பார்கள். அதற்குப் பின்னால் நிற்பது குதிரை. சக்கிமுக்கிக் கல்லைத் தோலோடு சேர்த்துத் தாடையில் இறுக்கிப் பிடித்திருப்பது அதுதான். விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து, கல் எஃகை உரசி, மூடியையும் தள்ளித் திறக்கும். பொறி கிண்ணத்தில் விழும். கிண்ணத்தின் நெருப்பு பற்றுவாய் வழியாகக் குழலுக்குள் நுழையும். பிறகுதான் வெடிக்கும். கல் மழுங்கியிருந்தாலோ, மருந்து ஈரமாகியிருந்தாலோ, பற்றுவாயில் கரி அடைத்திருந்தாலோ கிண்ணத்தில் மட்டும் பளிச்சென்று எரிந்து அடங்கிவிடும். ராபர்ட் கிளைவ் மதராஸில் இளம் குமாஸ்தாவாக இருந்தபோது தன் தலையிலேயே இரண்டு முறை சுட்டுக்கொண்டதாகவும், இரண்டு முறையும் துப்பாக்கி வெடிக்கவில்லை என்றும் வழிவழியாக ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, அன்றைய துப்பாக்கியை அறிந்த எவரும் அதை நம்ப முடியாதென்று சொல்லியிருக்க மாட்டார்.

இப்போது முக்கியமான இடம். குதிரையைப் பின்னால் இழுத்தால் இரண்டு நிலைகளில் நிற்கும். பாதி தூரத்தில் ஒரு 'டிக்'. அங்கே விசை பூட்டிக்கொள்ளும். எவ்வளவு அழுத்தினாலும் வெடிக்காது. கெட்டித்த துப்பாக்கியை இடுப்பிலோ பையிலோ வைத்திருப்பதும், கைமாற்றுவதும் இந்த நிலையில்தான். முழுக்கப் பின்னால் இழுத்தால் இரண்டாவது 'டிக்'. அதற்குப் பிறகு விரல் பட்டால் போதும்.

பதற்றத்தில் ஒருவன் அந்த இரண்டாவது 'டிக்'கை மறந்துவிட்டால்? 1777-இல் அயர்லாந்தின் குளோன்மெல் ஊரில் டூயலுக்கென்று சட்டம்போல எழுதிவைத்த விதிகளில் இதற்கும் ஒரு விதி இருக்கிறது. வெடிக்காமல் போனதும் ஒரு சூடாகவே கணக்கு. குதிரையை ஏற்ற மறந்ததும் வெடிக்காமல் போனதாகவே கணக்கு. அதாவது எதிராளி உன்னைச் சுடலாம், உனக்கு மறு வாய்ப்புக் கேட்க உரிமையில்லை.

பழந்துப்பாக்கி சேகரிப்பவர்களுக்கும் இந்தக் குதிரையே முதல் சோதனை. பாதி நிலையில் நிறுத்தி விசையை மெல்ல அழுத்திப் பார்ப்பார்கள். பிடித்து நின்றால் உள்ளே இருக்கும் பல் தேயவில்லை. பிறகு கிண்ணத்தையும் பற்றுவாயையும் உற்றுப் பார்ப்பார்கள். 1820-களுக்குப் பிறகு கல்லுக்குப் பதில், அடித்தால் பற்றும் கேப் போட்டுச் சுடும் முறை பரவியபோது, ஏராளமான கல் துப்பாக்கிகளை அதற்கேற்ப மாற்றினார்கள். இன்று பழைய வடிவத்துக்கு விலை அதிகம் என்பதால் சிலர் அவற்றைத் திரும்பவும் கல்லுக்கு மாற்றி விற்கிறார்கள். குழலில் ஓட்டை அடைத்த தடம், தகட்டின் நிறத்தோடு ஒட்டாத கிண்ணம், கீறலே விழாத எஃகு மூடி ஆகியவை அந்த வேலையைக் காட்டிக்கொடுக்கும். குழலின் அடியில் லண்டன் துப்பாக்கிக்காரர் சங்கம் சோதித்து அடித்த கிரீட முத்திரைகள் இரண்டு இருக்க வேண்டும். வெள்ளி வேலைப்பாடு இருந்தால் அதன் முத்திரையில் ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் இருக்கும்.

விற்பவர் சொல்லும் கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். மெக்கார்ட்னியும் ஸ்டூவர்ட்டும் சுட்ட துப்பாக்கி இதோ என்று நாளைக்கு எவராவது காட்டினால், கைமாறி வந்த வழிக்குக் காகிதம் கேளுங்கள். அன்றைய சண்டையின் எழுத்துச் சாட்சியத்தில் செய்தவனின் பெயர் இல்லை. சென்னையில் இருப்பவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் ஒருமுறை போய், கம்பெனி காலத்து ஆயுதங்களை நிதானமாகப் பார்த்துவிட்டு வாருங்கள். கண் பழகினால் கதை மயக்காது.

இனி கென்சிங்டன்.

*

1786 ஜூன் 8, விடிகாலை நாலரை மணி. லண்டனுக்கு மேற்கே, கென்சிங்டன் அருகே ஒரு திடல். டூயல் சட்டப்படி குற்றம், கொன்றால் அது கொலை. ஆகவே ஊர் எழும் முன் முடித்தாக வேண்டும்.

மெக்கார்ட்னிக்குத் துணையாக வந்தவர் கர்னல் புல்லர்ட்டன். தென்பாண்டிச் சீமைக்காரர்களுக்குத் தெரிந்த பெயர். 1783-இல் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிப் பிடித்தவர் இவரே. ஸ்டூவர்ட்டுக்குத் துணை கர்னல் கார்டன். இந்த இருவரும் பிறகு சேர்ந்து எழுதி வெளியிட்ட குறிப்பிலிருந்தே அன்று நடந்ததை, பேச்சுக்குப் பேச்சு நாம் அறிகிறோம்.

துணைவர்கள் தூரத்தை அளந்தார்கள். பன்னிரண்டு தப்படி, அதுவும் குட்டைத் தப்படி. ஆளுக்கு ஒரு துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு மற்றவற்றைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். ஒற்றைக் காலில் நின்று சுட முடியாது என்பதால் ஸ்டூவர்ட் ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

முதலில் பேசியவர் அவர்தான். பிரபுவுக்குக் கிட்டப்பார்வை ஆயிற்றே, என்னைத் தெரிகிறதோ என்னவோ என்று ஐயப்பட்டார். நன்றாகவே தெரிகிறது என்றார் மெக்கார்ட்னி.

துணைவர்கள் விலகி நின்றார்கள். இருவரும் துப்பாக்கியை உயர்த்தப் போகிறார்கள். அந்த நேரத்தில் ஸ்டூவர்ட்டின் கண் எதிரே இருந்தவரின் துப்பாக்கி மேல் விழுந்தது.

குதிரை ஏறவில்லை.

மூன்று ஆண்டுகள் காத்திருந்த பகை. கைது செய்து கப்பலேற்றிய மனிதன், பன்னிரண்டு தப்படியில், வெடிக்காத துப்பாக்கியோடு நிற்கிறான். ஸ்டூவர்ட் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அயர்லாந்து விதிப்படி அவர் மேல் பழியும் இல்லை. கிட்டப்பார்வைக்காரர் விசையை அழுத்தி, ஒன்றும் நடக்காமல் திகைக்கும் அந்த ஒரு கணம் போதும்.

ஸ்டூவர்ட் வாயைத் திறந்தார். பிரபுவின் துப்பாக்கியில் குதிரை ஏற்றப்படவில்லை என்றார்.

மெக்கார்ட்னி நன்றி சொல்லிவிட்டுக் குதிரையை ஏற்றினார்.

இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பிகட்டோடு சாப்பிட்டு, பிகட்டின் வண்டியிலேயே ஏறி, அவரைச் சிறைக்கு அனுப்பிய அதே மனிதர்தான் இதைச் சொன்னார். அரசியலில் வஞ்சகம் செய்யத் தயங்காதவர், துப்பாக்கி முனையில் வஞ்சகம் செய்ய மறுத்தார். பிகட் விஷயத்தில் அவரை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. ஆனால் அன்று காலை கென்சிங்டனில் அவர் நடந்துகொண்டது பெருந்தன்மை என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருந்தன. கம்பெனி காலத்து மதராஸைப் பற்றி எழுதும்போது நல்லவர், கெட்டவர் என்று இரண்டு பெட்டிகளில் அடைத்துவிடுகிறோம். ஸ்டூவர்ட் எந்தப் பெட்டியிலும் அடங்க மாட்டார்.

தயார் என்றார் ஸ்டூவர்ட். நானும் தயார் என்றார் மெக்கார்ட்னி.

இரண்டு வெடிகள், ஒன்றையொன்று தொட்டாற்போல.

புகை விலகியபோது மெக்கார்ட்னிக்குக் காயம் பட்டிருந்தது. துணைவர்கள் ஓடிவந்து, இதோடு முடிந்தது என்று அறிவித்தார்கள். ஸ்டூவர்ட்டுக்குக் கோபம் தீரவில்லை. இதனால் தனக்குத் திருப்தி இல்லை என்றார். இன்னொரு முறை சுடப் பிரபுவால் முடியாதா என்று கேட்டார். மகிழ்ச்சியோடு முயல்கிறேன் என்றார் ரத்தம் வழிய நின்றவர். புல்லர்ட்டனை அனுமதிக்கச் சொல்லி வற்புறுத்தவும் செய்தார். முடியவே முடியாது என்றார்கள் துணைவர்கள் இருவரும்.

அப்படியானால் வேறொரு சமயத்துக்குத் தள்ளிப்போட வேண்டியதுதான் என்றார் ஸ்டூவர்ட்.

அதற்கு மெக்கார்ட்னி சொன்ன பதிலே இந்த வழக்கின் தீர்ப்பு என்று நான் நினைக்கிறேன். தள்ளிப்போடுவதானால் இப்போதே தொடர்வோம் என்றார். கவர்னராகத் தான் செய்த காரியத்துக்காக ஜெனரல் தன்னைத் தனிமனிதனாக அழைத்ததாகவும், அதற்காகவே வந்து நின்றதாகவும், தன் மனத்தில் சொந்தப் பகை ஏதும் இல்லை என்றும், ஜெனரல் விரும்பியபடி செய்யலாம் என்றும் சொன்னார். ஸ்டூவர்ட் விடவில்லை. பிரபு தன்னிடம் நடந்துகொண்ட விதத்தைத்தான் தாம் பொறுக்கவில்லை என்றார். அரசாங்க உத்தரவு எங்கே முடிகிறது, சொந்த அவமதிப்பு எங்கே தொடங்குகிறது என்பதில் இருவரும் கடைசிவரை உடன்படவில்லை. அதற்கு மேல் பேசவிடாமல் துணைவர்கள் தடுத்தார்கள்.

கார்டனே, எதிர்க்கட்சியின் துணையாளாக வந்தவரே, மெக்கார்ட்னியின் கோட்டைக் கழற்ற உதவி, மயக்கம் வரும், உட்காருங்கள் என்று வேண்டினார். புல்லர்ட்டன் ஓடிப்போய்ச் சற்றுத் தள்ளி நின்ற அறுவை மருத்துவர்களை அழைத்து வந்தார். ஸ்டூவர்ட் மரத்தை விட்டு நகர்ந்து, கார்டனோடு வண்டியேறிப் போனார்.

மெக்கார்ட்னி பிழைத்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, பிரிட்டனின் முதல் தூதராகச் சீனப் பேரரசரைப் பார்க்கக் கப்பலேறினார். அன்று மதராஸில் ஸ்டூவர்ட்டைக் கைது செய்யப் போன அதே ஸ்டாண்டன் அவருடைய செயலாளராகக் கூடப் போனார். ஸ்டூவர்ட் 1793-இல் இறந்தார். அவர் தள்ளிப்போட்ட அந்த வேறொரு சமயம் வரவே இல்லை.

ஆனால் கென்சிங்டனில் பட்டது மெக்கார்ட்னி வாங்கிய முதல் துப்பாக்கிக் காயம் அல்ல. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1784-இல், மதராஸிலேயே, கவர்னர் பதவியில் இருக்கும்போதே அவர் ஒரு டூயலில் நின்று காயப்பட்டிருந்தார். அன்று எதிரே நின்றவர் ராணுவ அதிகாரி அல்ல, கவுன்சில் மேசையில் அவரோடு உட்கார்ந்த உறுப்பினர் ஆன்டனி சாட்லியர். ஒரு கூட்டத்தில் வெடித்த வாய்த்தகராறு எப்படித் துப்பாக்கி வரை போனது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)